பிடித்துவிடும் கை எப்போது உதவும்?

(நம் சங்கத்தின் விளையாட்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



நம் வடசென்னையில் பகலில் மூட்டை தூக்கிய தோள்தான் மாலையில் குத்துச்சண்டை மேடை ஏறியது. 2021-இல் வந்த படத்துக்குப் பிறகு சார்பட்டா பரம்பரையின் பெயர் உலகமே அறிந்தது. ஆனால், மேடைக்குக் கீழே தைலத்தோடு நின்று, தோளையும் தொடையையும் நீவிவிட்டவரை யாரும் நினைப்பதில்லை. இன்று அந்தக் கையைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

கறிக்கடையில் பார்த்திருப்பீர்கள், தசையின் மேல் மெல்லிய வெள்ளைச் சவ்வு ஒட்டியிருக்கும். நம் உடலிலும் அது தசைகளைப் போர்த்தி, ஒன்றோடொன்று இணைக்கிறது. ஃபாசியா என்பார்கள். அமெரிக்காவில் ஐடா ரோல்ஃப் என்ற உயிர்வேதியியல் அறிஞர், இந்தச் சவ்வைக் கையால் அழுத்தி நீவினால் உடல் நிமிர்ந்து சீராக நிற்கும் என்று சொல்லி, பத்து அமர்வுகள் கொண்ட ஒரு முறையை வகுத்தார். நம் பக்கம் குமரி மாவட்டத்து வர்ம ஆசான்களும், கேரளத்துக் களரி ஆசான்களும் தைலம் தேய்த்து உழிவதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள்.

இதனால் பலன் எவ்வளவு? விளையாட்டு மசாஜ் பற்றிய 29 ஆய்வுகளை, மொத்தம் 1,012 பேரை, 2020-இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். வேகமோ, குதிக்கும் உயரமோ, பலமோ கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. உடல் கொஞ்சம் கூடுதலாக வளைகிறது. பயிற்சிக்குப் பிறகு வரும் தசைவலி சற்றுக் குறைகிறது. அவ்வளவுதான். ஆனால் அதுவும் சின்ன விஷயம் இல்லை. வலி குறைந்தால் நாளைக்கும் பயிற்சிக்குப் போகலாம். பதக்கம் வாங்கித் தருவது அந்தத் தினசரிப் பயிற்சிதானே?

என் வீட்டுக் கதையையும் சொல்கிறேன். என் மகள் ஓட்டப்பந்தய வீராங்கனை. ஒருநாள் கணுக்கால் பிசகி நொண்டிக்கொண்டு வந்தாள். "சுளுக்குத்தான்" என்று நானே முடிவுகட்டி, எடுத்துவிடுபவரிடம் கூட்டிப்போனேன். அவள் கத்தக் கத்த, "பொறுத்துக்கோம்மா" என்றேன். மறுநாள் எக்ஸ்ரேயில் எலும்பில் விரிசல். அந்த ஆண்டுப் போட்டியில் அவள் ஓடவில்லை. தப்பு அந்தக் கையுடையது அல்ல, அவசரப்பட்ட என்னுடையது. எலும்பு கூடிய பிறகு, பிசியோதெரபிஸ்ட் கையால் நீவிவிட்டு, கூடவே உடற்பயிற்சியும் கொடுத்துத்தான் அவளை மறுபடி ஓடவைத்தார்.

ஆகவே மூன்றே மூன்றை மனதில் வையுங்கள். அடிபட்டுப் புதிதாக வீங்கிய இடத்தை முதல் இரண்டு மூன்று நாள் உருவவே கூடாது. கணுக்காலில் அடிபட்டு நாலு எட்டு நடக்க முடியாவிட்டாலோ, எலும்பைத் தொட்டால் வலித்தாலோ முதலில் எக்ஸ்ரே. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம், கை வைக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

பிள்ளைகளே, யார் பிடித்துவிட்டாலும் வலித்தால் "போதும்" என்று சொல்லுங்கள். பெற்றவர்களே, அந்தச் சொல்லைக் கேளுங்கள். நான் கேட்காமல் போனேன்.