வாழ்க்கைத்தொழில் ஆர்வச் சோதனையும் தமிழ்ச் சொல்லும்



உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் தொழில் ஆயத்தத்தை அளக்கும் சோதனைகளைப் பற்றி மொழி வளர்ச்சிக்குரிய ஒரு மேடையில் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அது வழிகாட்டல் ஆலோசகர்களின் துறையன்றோ, தமிழாசிரியர்க்கு அங்கென்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது என்பதே நம் கருத்து. நம் மாணவர் இச்சோதனைக்கு ஆங்கிலத்தில் விடையளிக்கிறார். முடிவைப் பல வீடுகளில் தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆங்கிலமே புழங்கும் தமிழ் வீடுகளும் இங்குப் பல உண்டு, அதை மறுக்கவில்லை. ஆயினும் பாட்டியும் தாத்தாவும், சில வீடுகளில் தாயும் தந்தையும், பிள்ளையின் எதிர்காலத்தைத் தமிழிலேயே எண்ணிப் பார்க்கிறார்கள். அவர்களிடம் சொல்லச் சொல் கிடைக்காதபோது சோதனையின் முடிவு வேதவாக்காகிவிடுகிறது. இல்லையேல் யாரும் பாராத தாளாகிவிடுகிறது.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வோம். தொழில் ஆயத்தச் சோதனை என்ற ஒரே பெயரில் இருவேறு கருவிகள் உலவுகின்றன. ஒன்று திறனை அளப்பது. அமெரிக்காவில் ஏசிடி நிறுவனம் நடத்தும் ‘வொர்க்கீஸ்’ அவ்வகை. பணியிடக் கணக்கு, வரைபடங்களையும் அட்டவணைகளையும் படித்தறிதல், பணியிட ஆவணங்களைப் புரிந்துகொள்ளுதல் ஆகிய மூன்றில் மாணவரைச் சோதித்து, வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று சான்றிதழ் வழங்குகிறார்கள். மூன்றில் எது மிகக் குறைவோ அதுவே சான்றிதழின் தரத்தைத் தீர்மானிக்கும். மற்றொன்று ஆர்வத்தை அளப்பது. அதில் சரி, தவறு இல்லை. ‘இந்தச் செயல் உனக்குப் பிடிக்குமா’ என்ற வகைக் கேள்விகளே உண்டு. தொடக்கப்பள்ளி ஐந்தாம் வகுப்பு முதல் நம் மாணவர்கள் பயன்படுத்தும் மைஸ்கில்ஸ்ஃபியூச்சர் தளத்தில் உள்ள தொழில் ஆர்வக் கணிப்பு இவ்வகையைச் சேர்ந்தது.

இவ்வேறுபாட்டைத் தமிழ் தன் அன்றாடப் பேச்சிலேயே வைத்திருக்கிறது. ‘எனக்குப் பாட்டு வரும்’ என்பது திறன். ‘எனக்குப் பாட்டுப் பிடிக்கும்’ என்பது ஆர்வம். கணக்கு வரும், ஆனால் பிடிக்காது என்று சொல்லும் பிள்ளையை நாம் எல்லாரும் அறிவோம். ஆர்வக் கணிப்பின் முடிவைக் கையில் ஏந்தி, ‘உனக்குப் பொறியியல் வரும் என்று சோதனை சொல்லிவிட்டது’ என்று ஒருவர் கூறினால், சோதனை சொல்லாததைச் சொல்கிறார். அது ‘பிடிக்கும்’ என்றது. ‘வரும்’ என்று சொல்லவே இல்லை.

இக்கருவிகள் எங்கிருந்து வந்தன என்பதையும் சற்று நோக்குவோம். பாஸ்டன் நகரில் 1908ஆம் ஆண்டில் ஃபிராங்க் பார்சன்ஸ் தொழில் வழிகாட்டல் நிலையம் ஒன்றை நிறுவினார். அவர் இறந்தபின் 1909இல் அவருடைய நூல் வெளிவந்தது. தன்னை அறிதல், தொழிலை அறிதல், இரண்டையும் பொருத்திப் பார்த்தல் என்ற அவருடைய முறையே இன்றுவரை அடிப்படை. 1917இல் அமெரிக்கப் படை, புதிதாகச் சேர்ந்தோரின் அறிவுத்திறனைச் சோதிக்க முற்பட்டபோது ஒரு சிக்கல் எழுந்தது. ஆங்கிலம் படிக்கத் தெரியாதோர் பலர் இருந்தனர். அவர்களுக்கெனப் படங்களாலான தனிச் சோதனை ஒன்றை உருவாக்க வேண்டியதாயிற்று. சோதனையின் மொழி, சோதிக்கப்படுபவரின் மொழியாக இல்லாவிட்டால் விடையின் பொருள் மாறும் என்பது அன்றே தெரிந்த செய்தி.

1927இல் எட்வர்ட் ஸ்ட்ராங் வெளியிட்ட ஆர்வ வினாப்படிவம், ஒரு தொழிலில் ஏற்கெனவே இருப்போரின் விருப்பு வெறுப்புகளோடு விடையளிப்பவரின் விருப்பு வெறுப்புகளை ஒப்பிட்டது. பிறகு பெண்களுக்கெனத் தனிப் படிவம் வந்தது. ஆண்களின் தாள் நீலம், பெண்களின் தாள் இளஞ்சிவப்பு. இரண்டும் ஒன்றாக இணைந்தது 1974இல்தான்! நாற்பது ஆண்டுகள் அறிவியலின் பெயரால், எந்தத் தொழிலைப் பெண் விரும்பலாம் என்பதை ஒரு தாளின் நிறம் முன்கூட்டியே சொல்லிவந்தது. சோதனை சமுதாயத்தைவிட உயரத்தில் நிற்பதன்று.

இன்று மிகுதியாக வழங்குவது ஜான் ஹாலண்ட் 1959இல் முன்வைத்த கோட்பாடு. மனிதரின் தொழில் ஆர்வத்தை அவர் ஆறு வகையாக்கினார். அவற்றுள் ஒருவருக்கு மேலோங்கி நிற்கும் மூன்றின் முதலெழுத்துகளே அவருடைய குறியீடு. எஸ், ஏ, ஐ என்று மூன்று எழுத்தோடு பிள்ளை வீடு திரும்புகிறது. அம்மா என்ன என்று கேட்கிறார். இங்கேதான் நம் பணி தொடங்குகிறது.

ஆறு வகைகளின் ஆங்கிலப் பெயர்களை அகராதியைப் பார்த்து அப்படியே பெயர்த்தால் என்ன நேரும்? முதல் வகை ‘யதார்த்தம்’ ஆகும். யதார்த்தமானவர் என்றால் தமிழில் வெள்ளந்தியானவர், அல்லது நடைமுறை அறிந்தவர். ஹாலண்ட் கருதியதோ கருவி, பொறி, செடி, விலங்கு ஆகியவற்றோடு கைப்பட உழைப்பதில் நாட்டம். கடைசி வகை இன்னும் மோசம். அது ‘மரபு’ ஆகிவிடும். நமக்கு மரபு என்றால் பரதமும் பண்ணிசையும் பொங்கலும் நினைவுக்கு வரும். உண்மையில் அது கணக்கு, பதிவேடு, கோப்பு ஆகியவற்றை ஒழுங்காக வைப்பதில் மகிழும் மனப்பாங்கு. கணக்காளராக விரும்பும் பிள்ளை தன்னை மரபுக்கலைஞர் என்று எண்ணிக்கொண்டால் குற்றம் யாருடையது? மற்றொரு வகையைத் ‘தொழில்முனைவு’ என்றால் கடை வைப்பது மட்டுமே தோன்றும். வழக்கறிஞரும் அரசியல் தலைவரும் விற்பனை மேலாளரும் அதில் அடங்குவர். பிறரை இணங்கவைத்து நடத்திச் செல்வதே அதன் உயிர்.

எனவே பெயரை விட்டுவிட்டுச் செயலைப் பெயர்ப்பதே தக்கது என்போம். கைத்தொழில் நாட்டம், ஆராயும் நாட்டம், படைக்கும் நாட்டம், துணைநிற்கும் நாட்டம், வழிநடத்தும் நாட்டம், ஒழுங்கமைக்கும் நாட்டம் என்று சொல்லிப் பாருங்கள். பாட்டிக்கும் விளங்கும். இவற்றினும் நல்ல சொற்கள் உங்களிடம் இருக்கக்கூடும், இருந்தால் வழங்குங்கள்.

இன்னொன்று, இவ்வெழுத்துகளின் வரிசைக்குப் பின்னால் எண்கள் உள்ளன. ஒரு மாணவிக்கு ஒரு வகையில் 24, அடுத்ததில் 23, அதற்கடுத்ததில் மீண்டும் 23, நான்காவதில் 22 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். நான்காவது எழுத்து குறியீட்டில் இடம்பெறாது. ஆனால் முதலாவதற்கும் அதற்கும் இடையே இரண்டு புள்ளிகளே. அம்மாணவியின் நாட்டம் இன்னும் ஒரு பக்கம் சாயவில்லை என்பதே அங்குக் கிடைக்கும் செய்தி. வேறொருவர்க்கு முதலெழுத்து 28ஆகவும் அடுத்தது 12ஆகவும் இருக்கலாம். இருவர் தாளிலும் அச்சாவது மூன்று எழுத்துகள்தான்.

அந்த எண்கள்கூட மாணவர் எதை அறிந்திருக்கிறாரோ அதற்குள்ளேதான் அமைகின்றன. லிண்டா காட்ஃபிரெட்சன் 1981இல் எழுதிய ஆய்வுரையில், குழந்தைகள் தமக்குப் பொருந்தாதவை என்று தொழில்களைச் சிறுவயதிலிருந்தே ஒவ்வொன்றாக நீக்கிவருகிறார்கள் என்றார். ஆறு முதல் எட்டு வயதில் ‘இது ஆண் வேலை, இது பெண் வேலை’ என்று நீக்குகிறார்கள். ஒன்பது முதல் பதின்மூன்றுக்குள் ‘இது மதிப்பில்லாத வேலை’ என்று நீக்குகிறார்கள். பதினைந்து வயதில் ஆர்வக் கணிப்பு வருமுன் பட்டியலில் பாதி அழிந்துபோயிருக்கும். எஞ்சியதைத்தான் நாம் அளக்கிறோம்.

அழிப்பதில் நம் மொழியும் கைகொடுக்கிறது. ‘உத்தியோகம்’ என்ற சொல்லுக்குள் ஒரு நாற்காலி இருக்கிறது. ‘கூலிவேலை’ என்பதற்குள் ஓர் ஏளனம் இருக்கிறது. ‘தொழில்’ என்பதற்கோ குலத்தொழில் என்னும் பழைய நிழல் இன்னும் முழுதாக விலகவில்லை. தொழில்நுட்பக் கல்விக்கழகத்துக்குச் செல்லும் பிள்ளையைப் பற்றி உறவினர் கூடிய இடத்தில் எந்தச் சொல்லால் பேசுகிறோம் என்பதை அப்பிள்ளையின் தம்பியும் தங்கையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இவை ஏட்டளவில் நிற்கும் கவலைகள் அல்ல. 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்கள் முதல் விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் இல்லை. ஒவ்வொரு பாடத்தையும் தத்தம் ஆற்றலுக்கேற்ற நிலையில் கற்கிறார்கள். 2027இல் அவர்கள் புதிய பொதுச் சான்றிதழ்த் தேர்வை எழுதுவார்கள். பலதுறைத் தொழிற்கல்லூரிகள் முன்கூட்டிய சேர்க்கைமுறையில் திறனையும் ஆர்வத்தையும் கருதி, தேர்வு முடிவுகள் வருமுன்பே இடம் வழங்குகின்றன. ‘ஏன் இந்தப் படிப்பு’ என்ற கேள்விக்கு நேர்காணலில் விடை சொல்ல வேண்டும். மூன்று எழுத்தைச் சொல்லித் தப்ப முடியாது. மேலும், தொழில் ஆர்வங்களின் நிலைத்தன்மை பற்றி 2005இல் வெளிவந்த தொகுப்பாய்வு, பதின்ம வயதில் பெரிதாக மாறாதிருக்கும் அந்நிலைத்தன்மை பதினெட்டு வயதுக்குப் பின்னர்தான் விரைந்து கூடுகிறது என்று காட்டிற்று. பதினாறில் செய்யும் தேர்வு ஒருவரைச் சிறைப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு செய்யலாமே.

ஆசிரியர்களிடம் ஒன்று கேட்போம். ‘நான் மருத்துவரானால்’ என்னும் கட்டுரைத் தலைப்புக்குச் சில ஆண்டுகள் ஓய்வு கொடுப்போம். அதற்கு மாணவர் எழுதுவது மனப்பாடம்; ஏழைகளுக்கு இலவச மருத்துவம் என்ற வரி தவறாமல் வந்துவிடும். அதற்கு மாறாக, தமக்குத் தெரிந்த ஒருவரின் ஒரு நாள் வேலையைத் தமிழில் கேட்டு எழுதிவரச் சொல்வோம். கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் பணியாற்றும் மாமா, தாதியாக இருக்கும் பக்கத்து வீட்டு அக்கா, மின்தூக்கி பராமரிப்பவர், ஆய்வுக்கூட உதவியாளர். அவர் கைகள் என்ன செய்கின்றன, யாரோடு பேசுகிறார், எது அலுக்கிறது, எப்போது மனம் நிறைகிறது? இவ்வாறு பத்துப் பேரைப் பற்றி வகுப்பில் கேட்ட பிள்ளை அடுத்த ஆண்டு அதே கணிப்புக்கு விடையளிக்கும்போது, ‘பிடிக்கும்’ என்பதற்கு முன்னில்லாத பொருள் இருக்கும்.

மாணவர்களே, வீட்டில் முடிவைக் காட்டும்போது எழுத்துகளைக் காட்டாதீர்கள். எந்தெந்தக் கேள்விக்கு ‘மிகவும் பிடிக்கும்’ என்று விடையளித்தீர்களோ, அவற்றில் நான்கைந்தைத் தமிழில் சொல்லுங்கள். ‘உடைந்த பொருளைப் பிரித்துச் சரிசெய்வது பிடிக்கும் என்று போட்டேன், அம்மா’ என்று தொடங்குங்கள். நீங்கள் சிறுவயதில் எதைப் பிரித்துப் போட்டீர்கள் என்று அவர் சொல்லத் தொடங்குவார்.