சேலத்துக்கு ஃப்ளைட்டா, ரயிலா? யானைக்கவுனியில இருந்து ஒரு கணக்கு

இப்படி வெச்சுக்குவோம். நீங்க இருக்கிறது யானைக்கவுனி. சேலத்துல பாட்டியை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்கன்னு காலையில போன் வருது. உடனே கிளம்பணும். தேடிப் பார்த்தா, சென்னை–சேலம் விமானம் சுமார் 1 மணி நேரம். ரயில்ல, வந்தே பாரத்துக்கே சுமார் மூன்றரை மணி நேரம். அப்போ ஃப்ளைட்தானே? கொஞ்சம் பொறுங்க.

முதல்ல அந்த 1 மணி நேரத்தைப் பார்ப்போம். ரெண்டு விமான நிலையத்துக்கும் நடுவுல நேர்க்கோட்டுத் தூரம் சுமார் 265 கி.மீ. சின்ன ஊர்களுக்குப் பறக்கிற ஏடிஆர் 72 விமானம் மணிக்கு 500 கி.மீ. வேகத்துல போகும். கணக்குப்படி அரை மணி நேரம்தான். மீதி? டிக்கெட்ல போட்டிருக்கிறது, விமானம் நின்ன இடத்தை விட்டு நகர்றதுல ஆரம்பிச்சு, அங்கே போய் நிக்கிற வரைக்குமான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போறது, மேலே ஏறுறது, இறங்குறதுக்காக வேகம் குறைக்கிறது எல்லாம் அதுல அடக்கம்.

ஆனா உங்க பயணம் அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடுது. வீட்ல இருந்து சென்ட்ரல் போய், மெட்ரோ பிடிச்சு மீனம்பாக்கம் சேர 1 மணி நேரம். ஒன்றரை மணி நேரம் முன்னாடி அங்கே இருக்கணும். பறக்க 1 மணி. பை எடுக்க கால் மணி. சேலம் விமான நிலையம் இருக்கிறது ஓமலூர் பக்கம் காமலாபுரத்துல. ஊருக்குள்ள வர முக்கால் மணி. மொத்தம் நாலரை மணி நேரம்.

ரயிலுக்கு? சென்ட்ரல் பக்கத்துலதான், கால் மணி. காத்திருக்க 20 நிமிஷம். பயணம் மூன்றரை மணி. சேலம் ஜங்ஷன்ல இருந்து ஆட்டோ கால் மணி. மொத்தம் 4 மணி 20 நிமிஷம். ரயில்தான் கொஞ்சம் முந்துது, காசும் குறைவு!

இதே பல்லாவரத்துல வீடு இருந்தா கதை தலைகீழ். மீனம்பாக்கம் கால் மணி, சென்ட்ரல் 1 மணி. ஃப்ளைட் 1 மணி நேரத்துக்கு மேல முந்திடும். தூத்துக்குடின்னா யானைக்கவுனிக்காரங்களுக்கும் ஃப்ளைட்தான். வான்வழித் தூரம் ரெண்டு மடங்கு, 500 கி.மீ.க்கு மேல. ஆனா கூடுதலா பறக்கிறது அரை மணி நேரம்தான். தரையில ஆகுற நேரம் பெருசா மாறாது. ரயில்லயோ ஒரு ராத்திரியே போயிடும்.

இன்னொரு விஷயம். உடான் திட்டத்துல 2018 மார்ச்ல வந்த சேலம் விமான சேவை 2021ல நின்னு, 2023 அக்டோபர்லதான் திரும்ப வந்துச்சு. அதனால இன்னைக்கு விமானம் இருக்கா, எத்தனை மணிக்குன்னு முதல்ல பாருங்க. வந்தே பாரத் கிளம்பிட்டாலும், சேலம் வழியா போற மத்த ரயில்கள் நாள் முழுக்க இருக்கு. 5 மணி நேரம் ஆகும், ஆனா காத்திருக்க வேண்டாம்.

அவசரத்துல கேட்க வேண்டிய கேள்வி, ‘விமானம் எவ்வளவு நேரம் பறக்கும்?’ இல்லை. ‘என் வீட்டு வாசல்ல இருந்து ஆஸ்பத்திரி வாசலுக்கு எவ்வளவு நேரம்?’ அதுதான். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.