டீச்சரின் விறாந்தை



மீன்பாடும் தேன்நாடான மட்டக்களப்பைப் பற்றி இந்தச் சங்கத்தில் பேசச் சொன்னார்கள். கல்லடிப் பாலத்தையும் வாவியையும் எருமைத் தயிரையும் நான் உங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. நான் ஏறாவூரில் இருந்த ஒரு விறாந்தையைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு கிறிஸ்தவ டீச்சர் இருந்தார். கலியாணம் முடிக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து, தேத்தண்ணி குடித்த கையோடு விறாந்தையில் பன்பாயை விரிப்பார். சைவப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள், ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகள் எல்லாரும் அந்த ஒரு பாயில்தான். ஒரு சதமும் வாங்கமாட்டார். எனக்கு 'ழ' வராது. வாழைப்பழம் என் வாயில் 'வாளப்பளம்'தான். (சிரிக்கிறீர்கள், உங்களுக்கும் அப்படித்தான் வந்திருக்கும்!) டீச்சர் என் நாடியை இரண்டு விரலால் பிடித்து, தன் வாயைத் திறந்து, நாக்கு எங்கே வளைகிறது என்று காட்டுவார். "அவசரப்படாத மனே, நாக்கப் பின்னால இழு." சரியாக வந்தால் ஒரு தோடம்பழ இனிப்பு. எனக்கு அந்த இனிப்புக் கிடைக்க மூன்று கிழமை எடுத்தது. மூன்று கிழமையும் அவர் முகம் சுளிக்கவில்லை.

அவர் மட்டக்களப்பு வின்சன்ட் மகளிர் பள்ளிக்கூடத்தில் படித்தவர். மெதடிஸ்த மிஷன் 1820இல் தொடங்கிய பள்ளிக்கூடம் அது. மிஷனரி எலைசா அக்னியூ அம்மையாரின் கதையை நான் முதலில் கேட்டது அந்த விறாந்தையில்தான்.

அக்னியூ 1807இல் நியூயோர்க் நகரில் பிறந்தவர். எட்டு வயதில், பூமிசாஸ்திர வகுப்பில் உலகப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தூர தேசத்துக்குப் போய் ஊழியம் செய்வேன் என்று மனதுக்குள் முடிவு கட்டினாராம். ஆனால் தாய் தகப்பனைக் கடைசிவரை பார்த்து முடித்துவிட்டுத்தான் கப்பல் ஏறினார். 1840இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது வயது முப்பத்திரண்டு. ஹரியற் வின்சிலோ அம்மையார் 1824இல் தொடங்கிய உடுவில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, 1879 வரை அங்கேயே பணியாற்றினார்.

அந்தக் காலத்தில் பெண்பிள்ளையைப் படிக்க அனுப்ப யார் சம்மதித்தார்கள்? படிப்பு முடித்துக் கலியாணம் கட்டுகிற பெண்ணுக்கு அமெரிக்க மிஷனே சீதனம் கொடுத்தது! அப்படிக் கெஞ்சிக் கூப்பிட்டுத்தான் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். அக்னியூ வந்தது மதம் பரப்பத்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. அவரிடம் படித்தவர்களில் 600 பேருக்கு மேல் கிறிஸ்தவர் ஆனார்கள். நான் சைவன். இருந்தும் அவருக்கு முன்னால் தலை குனிகிறேன். ஏனென்றால் அவர் விட்டுப் போகவில்லை. 43 வருஷத்தில் ஒருதரம்கூட விடுமுறைக்கென்று ஊர் திரும்பவில்லை. பழைய மாணவிகளின் வீடுகளுக்குப் போய், அவர்களின் சுகதுக்கம் கேட்டார். தாயைப் படிப்பித்தார், பிறகு மகளை, சில குடும்பங்களில் பேத்தியையும். 'ஆயிரம் பெண்பிள்ளைகளின் தாய்' என்று சும்மா சொல்லவில்லை. 1883இல் மானிப்பாயில் கண்ணை மூடினார்.

பெற்றோரே, மூன்று தலைமுறை என்பதைக் கொஞ்சம் யோசியுங்கள். நியூயோர்க்கில் பிறந்த பெண் தமிழ் படித்து, யாரோ பெற்ற பிள்ளைகளோடு தமிழில் பேசி வாழ்ந்தார். நாங்கள் பெற்ற பிள்ளையோடு எவ்வளவு நேரம் தமிழில் பேசுகிறோம்? சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் பிள்ளையை இறக்கிவிட்டு, காருக்குள் இருந்து ஃபோனைப் பார்க்கிறோம். பிள்ளை ஆங்கிலத்தில் மறுமொழி சொன்னால் இரண்டாவது வசனத்தில் நாங்களும் ஆங்கிலத்துக்கு மாறுகிறோம். குறை பிள்ளையிலா? பேசப் பழக்க வேண்டிய நாங்களல்லவா முதலில் எழும்பிப் போனோம்.

1990 ஆகஸ்ட் கொலைகளுக்குப் பிறகு எங்கள் ஊரில் டீச்சரின் அந்தப் பாயில் எல்லாரும் ஒன்றாக இருக்கவில்லை. தமிழர், முஸ்லிம்கள் என்று இரண்டு பக்கத்திலும் எத்தனை வீட்டில் விளக்கு அணைந்தது என்று இங்கே முன்வரிசையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். நான் வெளிக்கிட்டேன், நீங்களும் வெளிக்கிட்டீர்கள். டீச்சர் வெளிக்கிடவில்லை. பின்னேரம் மூன்று பிள்ளைகள் வந்தாலும் பாயை விரித்தார். ஒரு நாள் ஒருவரும் வரவில்லையாம். அன்றைக்கும் விரித்துவிட்டு, தூணோடு சாய்ந்து இருட்டும்வரை காத்திருந்தாராம். இதை எனக்குச் சொன்னவர் பக்கத்து வீட்டு முஸ்லிம் தாய். அடுத்த நாள் தன் இளைய மகனைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த விறாந்தைக்குப் போனவரும் அவர்தான்.

எனக்குத் தந்த நேரம் முடிகிறது, செயலாளர் கையைக் காட்டுகிறார். சாப்பாட்டுக்கு முன்னால் அரை மணித்தியாலம் இருக்கிறது. மண்டபத்துக்குப் பின்னால் ஒரு பாய் விரித்திருக்கிறேன். தோடம்பழ இனிப்பு ஒரு பை கொண்டு வந்திருக்கிறேன். பிள்ளைகள் வாருங்கள், 'ழ' சொல்லிப் பார்ப்போம். தாய் தகப்பன்மாரும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, உங்கள் பிள்ளைக்குப் பக்கத்தில் இருங்கள்.