கூண்டு ஏறிய பிறகா கூடிப் பேசுவது?

(பழவேற்காடு ஏரிக்கரையில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



சென்னைத் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறியதும் நம் ஊர்களில் நடப்பது என்ன? தேநீர்க் கடையில் ஒரு கூட்டம். பள்ளிவாசல் முன்பு ஒரு கூட்டம். குப்பத்துப் பஞ்சாயத்தார் தனியே ஒரு பக்கம். "போன தடவையும் இப்படித்தான் சொன்னான், காற்றுகூட அடிக்கவில்லை" என்பார் ஒருவர். "படகையும் வலையையும் விட்டுவிட்டு எங்கே போவது?" என்பார் இன்னொருவர். பேசி முடிப்பதற்குள் இருட்டிவிடுகிறது, மழையும் பிடித்துக்கொள்கிறது.

வானிலைத் துறையைத் திட்டிப் பயனில்லை. 48 மணி நேரத்துக்கு முன்பே உஷார்ச் செய்தியும், 24 மணி நேரத்துக்கு முன் எச்சரிக்கையும் வருகின்றன. ஆனால் முந்தைய நாள் குறிக்கும் இடம் பத்துக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் போகலாம். 1984 நவம்பர் 14இல் புயல் ஸ்ரீஹரிகோட்டா அருகே கரை கடந்தது. 2016 டிசம்பர் 12இல் வர்தா சென்னை அருகே கடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் சென்னைக் கடலோரத்தை ஒட்டியே வடக்கே நகர்ந்து பாபட்லா அருகே கடந்தது. உறுதியாகத் தெரிந்த பிறகு கிளம்பலாம் என்று உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியவரும்போது பாதை இருக்காது.

2004 டிசம்பர் 26இல் எச்சரிக்கையே இல்லை. 2012 ஏப்ரல் 11இல் சுமத்ரா அருகே 8.6 அளவில் பூமி அதிர்ந்தபோது எச்சரிக்கை வந்தது, மக்கள் கடற்கரையை விட்டு ஓடினார்கள், பெரிய அலை வரவில்லை. ஓடியவர்கள் ஏமாந்தவர்களா? கையிலிருந்த செய்திக்கு அதுதான் சரியான முடிவு. வராத அலைக்காக ஊரைக் கிளப்பியவரைக் கேலி செய்து பாருங்கள், அடுத்த முறை அவர் வாய் திறக்கமாட்டார்.

உமர் (ரலி) அவர்கள் சிரியா செல்லும் வழியில் ஸர்க் என்னுமிடத்தில் கொள்ளைநோய்ச் செய்தி எட்டியது. முஹாஜிர்களிடம் மஷூரா செய்தார்கள், கருத்து இரண்டானது. அன்ஸாரிகளிடமும் அப்படியே. குறைஷி முதியவர்கள் ஒருமுகமாகத் திரும்பச் சொன்னதும் முடிவை அறிவித்தார்கள். அபூ உபைதா (ரலி) ஆட்சேபித்தபோது அவருக்கும் பதில் சொன்னார்கள். எல்லோரும் ஒத்துக்கொள்ளட்டும் என்று காத்திருக்கவில்லை. எவர் வாயையும் அடைக்கவுமில்லை.

அங்கே முடிவு சொல்ல ஒருவர் இருந்தார். இங்கே யார்? ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்முனை திருவள்ளூர் மாவட்டத்தில். ஒரே தண்ணீர்; கலெக்டர்கள் இரண்டு பேர், உத்தரவுகளும் இரண்டு.

வழி நம் ஏரியிலேயே இருக்கிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் மக்களின் 'பாடு' முறையைச் சொல்கிறேன். இறால் எங்கே கிடைக்கும், எவ்வளவு கிடைக்கும் என்று எவருக்கும் தெரியாது. ஆகவே யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று சீட்டுப் போட்டு முறை வைத்தார்கள். தண்ணீரில் இறங்கியபின் அல்ல, கரையில் நிதானமாக இருக்கும்போதே. எந்த எண் கூண்டுக்கு எந்தத் தெரு முதலில் கிளம்புவது, படகுகளைக் கட்ட யார் தங்குவது, எந்நேரம் வரை, பள்ளிக்கூடச் சாவி யாரிடம், கருத்து பிரிந்தால் யார் சொல் கடைசிச் சொல்? இவற்றையும் அப்படியே முன்கூட்டி வகுத்துவிட முடியாதா?

பாட்டில் ஒரு குறையும் உண்டு, மறைக்கக் கூடாது. தலைக்கட்டு உரிமை உள்ளவர்களுக்குத்தான் அதில் இடம். பாடு இல்லாத வலைக்காரர்களும், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களும் வெளியேதான் நிற்கிறார்கள். காற்றில் முதலில் பறப்பது அவர்கள் கூரைதான். வயதான தாயைத் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

ஐப்பசியில் பருவமழை தொடங்கிவிடும். புரட்டாசி முடிவதற்குள் மூன்று குப்பத்துப் பஞ்சாயத்தாரும், ஜமாஅத்தாரும், இருளர் குடியிருப்பிலிருந்து இரண்டு பெண்களும் ஒரே பாயில் உட்காருங்கள். பேசியதை எழுதி, பெயர்களையும் போட்டு, ஒரு தாளை ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள். இன்னொன்றை இரண்டு கலெக்டர்களுக்கும் அனுப்புங்கள்.