கண் கூசாத வெளிச்சம்



பெரிய ஹோட்டல் ஒன்றின் வரவேற்புக் கூடத்தில் நுழைந்ததும் தலை தானாக மேலே போகும். பூங்கொத்தோ, கொடியோ, மீன் கூட்டமோ கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருக்கும். அமெரிக்காவில் லாஸ் வேகஸ் நகரின் பெல்லாஜியோ ஹோட்டலில், டேல் சிஹூலி என்ற கண்ணாடிக் கலைஞர் 1998-இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிப் பூக்களால் கூரையையே தோட்டமாக்கினார். பார்க்கக் கண்கொள்ளாது. ஆனால் என்னைக் கேட்டால் அது விளக்கு இல்லை; விளக்குப் போட்டுக் காட்டுகிற சிற்பம். கீழே நிற்பவர் முகத்தில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்பது அதன் கவலையே இல்லை.

அந்தக் கவலையை வாழ்நாள் முழுக்கச் சுமந்தவர் டென்மார்க்கின் பவுல் ஹென்னிங்சன். 1894-இல் பிறந்தவர். மண்ணெண்ணெய் விளக்கின் இதமான ஒளியில் வளர்ந்த அவருக்கு, மின்விளக்கின் கண் கூசும் வெளிச்சம் பொறுக்கவில்லை. 1958-இல் கோபன்ஹேகனின் லாங்கலினி பெவிலியன் உணவகத்துக்காக அவர் வடிவமைத்ததுதான் ஆர்ட்டிச்சோக் விளக்கு. ஆர்ட்டிச்சோக் என்பது ஐரோப்பியர்கள் சமைத்துச் சாப்பிடும் ஒரு செடியின் மொக்கு. தடித்த மடல்கள் அடுக்கடுக்காக மூடியிருக்கும்.

விளக்கிலும் அப்படித்தான். பன்னிரண்டு வரிசை, வரிசைக்கு ஆறு, மொத்தம் 72 உலோக மடல்கள். ஓட்டு வீட்டில் ஓடுகளை மாற்றி அடுக்குவதுபோல, ஒரு வரிசையில் விழும் இடைவெளியை அடுத்த வரிசையின் மடல் மறைத்துவிடுகிறது. எந்த மூலையில் உட்கார்ந்து பார்த்தாலும் பல்பு கண்ணில் படாது. பல்பின் ஒளி மடல்மேல் பட்டு, அங்கிருந்து சிதறித்தான் நம்மிடம் வருகிறது. செப்பு மடலாக இருந்தால் அந்த ஒளியில் லேசான செம்மையும் சேரும். உணவகத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? எதிரே இருப்பவர் முகம் களையாகத் தெரியும், தட்டில் இருப்பதும் சுவையாகத் தெரியும்!

மொக்கின் சாயலை யாரும் வரைந்துவிடலாம். மடல் மடலை மறைக்கும் அந்த ஏற்பாட்டை ஒளிக்குப் பயன்படுத்தியதில்தான் ஹென்னிங்சனின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

இன்றைய கலைஞர்களில் ஆம்ஸ்டர்டாமின் ஸ்டூடியோ டிரிஃப்ட் குழுவையும் சொல்ல வேண்டும். அங்குள்ள ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் அவர்களுடைய பட்டு விளக்குகள், இரவில் கூம்பும் பூக்களைப் பின்பற்றி, இறங்கும்போது விரிகின்றன, ஏறும்போது குவிகின்றன. மெய்மறந்து பார்க்கலாம். ஆனால் அவற்றின் அடியில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேச முடியாது. கண் மேலேயே ஓடும்.

ஆர்ட்டிச்சோக்கிலும் குறை உண்டு. 72 மடலிலும் தூசு படியும்; துடைப்பவரிடம் கேட்டால் வேறு விமர்சனம் கிடைக்கலாம். பெருமைக்காக இதை வாங்கித் தாழ்ந்த கூரையில் மாட்டுகிறவர்களும் உண்டு. பெரிய அளவு விளக்கின் குறுக்களவு 84 சென்டிமீட்டர். அதற்கு உயரமான கூடம் வேண்டும். இல்லாவிட்டால் வருகிறவர்கள் குனிந்துதான் போக வேண்டும்.