எத்தனை கிலோவுக்கு?



மழையோடு மழையாக நோர்வூட்டிலிருந்தும் மஸ்கெலியாவிலிருந்தும் பஸ் பிடித்து ஹட்டனுக்கு வந்திருக்கிறீர்கள். கொழும்பிலிருந்து கொள்கை ஆய்வாளர்களும் வந்திருக்கிறார்கள். அவர்கள் முகங்கள் நமக்குப் புதியவை அல்ல, லயத்துத் தொலைக்காட்சியில் பார்த்தவைதான். தோட்டத் தொழிலாளர் சம்பள விவாதத்தில் தொழிற்சங்கத்தாருக்கும் கம்பனிக்காரருக்கும் நடுவே இவர்களை உட்காரவைப்பார்கள். இருபுறத்தையும் நம்பாத சனம் நடுவில் இருப்பவரை நம்புகிறது. அந்த நம்பிக்கையை அவர் என்ன செய்கிறார் என்பதே என் பேச்சு.

2024 மே தினத்தில் கொட்டகலை மேடையில் அன்றைய ஜனாதிபதி 1,700 ரூபாய் நாட்சம்பளத்தை அறிவித்தார். இரவுச் செய்தியில் அதைக் கேட்ட என் தாயார், முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவர், ஒன்றுதான் கேட்டார்: "எத்தனை கிலோவுக்காம்?"

ஜூலையில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது. 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் 1,750 என்றது. அதில் 200 ரூபாயை வருகைக் கொடுப்பனவாக அரசே தரும் என்றது. ஒவ்வொரு முறையும் உற்பத்திச் செலவு, உலகச் சந்தை, கென்யாவின் விளைச்சல் என்று விவாதத்தில் அனல் பறந்தது. அம்மாவின் கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை.

கொழும்பு நண்பர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்தில் சம்பளத்தை எண்ணுவது நாளால் அல்ல, 'பேரால்'. துரைமார் குறித்த கிலோ நிறுவையில் வந்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். பெரட்டு எனும் காலை அணிவகுப்புக்கு நேரத்தோடு போய், அட்டைக்கடியோடு மாலை வரை நின்றவளுக்கும் அரைப்பேர் விழலாம். அந்தக் கிலோவோ தோட்டத்துக்குத் தோட்டம் வேறு. கொழுந்து காயும் வறட்சி மாதத்தில் வேலை நாளே சுருங்கும். 2021இல் சம்பள நிர்ணய சபை 1,000 ரூபாயை நிர்ணயித்த பின் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகின. கிலோவைக் கூட்டிவிட்டார்கள் என்ற முறைப்பாடு மலையெங்கும் எழுந்தது. ஆகவே 1,750 என்று திரையில் சொல்லி, கிலோவைச் சொல்லாமல் விடும் ஆய்வாளர் பொய் சொல்லவில்லைதான். ஆனால் சம்பளச் சீட்டில் இல்லாத ஒரு தொகையை நாட்டுக்கே அறிவித்துவிடுகிறார்.

அந்தக் கிலோவை அறியத் தோட்டத்துக்குள்ளேதான் வரவேண்டும். தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் காலத்தில் வெளியார் தோட்டத்துக்குள் காலெடுத்து வைக்க முடியாது. அவர் புடவை வியாபாரி வேடத்தில் உள்ளே போனார் என்பார்கள். கண்டதை 1920களில் 'தேசபக்தன்' பத்திரிகையில் எழுதினார். 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்கே போனார். நிறுவகமும் கிடையாது, நிதியுதவியும் கிடையாது. இன்று வேடம் தேவையில்லை, வாசல் திறந்துதான் இருக்கிறது. நிறுவைக் கொட்டிலுக்கு மட்டும் யாரும் வருவதில்லை. (நல்ல வீதி இல்லை என்பது நியாயமான சாட்டுத்தான்.)

வீதி என்றதும் நினைவு வருகிறது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. நாம் வாக்களித்து அமைத்த சபை, நம் லயத்துப் பாதைக்குக் காசு செலவழிக்க அது தடையாக நின்றது. சங்கங்களும் மலையகச் சமூக நிறுவனங்களும் ஆண்டுக்கணக்கில் மனுப்போட்டு, அமைச்சுப் படியேறி, 2018இல் அதைத் திருத்தவைத்தன. இந்தப் பிரிவுக்காக எந்தத் தொலைக்காட்சியிலும் யாரும் மேசையைத் தட்டியதாக எனக்கு ஞாபகமில்லை. ஆய்வாளர் நண்பர்களே, திரைக்குப் போகவேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. போங்கள். போகும்போது ஆய்வுக்குக் காசு தந்தவர் யார் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். அறிக்கையை அம்மாவுக்கு விளங்கும் தமிழில் எழுதுங்கள். இப்போது வரும் மொழிபெயர்ப்பைப் படிக்க எனக்கே அகராதி வேண்டியிருக்கிறது.

முதல் அமர்வு சம்பளம் பற்றியது. முன்வரிசையில் இருக்கும் தோட்டத்துச் சகோதரிகள் ஒரு நாள் பேரை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். கட்டுரைகள் முடிந்ததும் ஒலிவாங்கி முதலில் அவர்களிடம் போகட்டும். கேமராவும் அந்தப் பக்கமே திரும்பியிருக்கட்டும். அமர்வைத் தொடங்கலாம்.