மாட்டேன் என்று சொல்ல இடமுண்டா?



அறம் உலகுக்கெல்லாம் பொதுவா, ஊருக்கு ஊர் வேறா? ஐக்கிய நாடுகள் சபையில் மனித உரிமைப் பிரகடனம் உருவானபோது இந்தக் கேள்வி எழுந்தது. மேற்கத்திய மதிப்பீடுகளை உலகத்தின் தலையில் கட்டிவிடக் கூடாது என்று 1947-இல் அமெரிக்க மானிடவியல் சங்கம் எச்சரித்தது. நியாயமான எச்சரிக்கைதான். நாகரிகம் கற்பிக்க வந்தோம் என்று சொல்லித்தானே பேரரசுகள் நாடு பிடித்தன!

1948 டிசம்பர் 10, பாரிஸில் பிரகடனத்தின் மீது வாக்கெடுப்பு நடந்தது. 48 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து ஒரு வாக்கும் விழவில்லை. 8 நாடுகள் ஒதுங்கிக்கொண்டன. அவற்றில் ஒன்றான சவூதி அரேபியாவுக்கு, பிரகடனத்தில் இருந்த மதம் மாறும் உரிமை உடன்பாடில்லை. இஸ்லாத்தையே முன்வைத்துப் பாகிஸ்தானின் பிரதிநிதி ஜஃப்ருல்லா கான் அந்த உரிமையை ஆதரித்துப் பேசினார். நிறவெறியைக் கொள்கையாக்கிக்கொண்டிருந்த தென்னாப்பிரிக்காவும் ஒதுங்கியது. அங்கிருந்த கறுப்பின மக்களைக் கேட்டு அந்த முடிவு எடுக்கப்படவில்லை.

ஒரு மரபுக்குள் எப்போதும் பல குரல்கள் இருக்கும். தேவதாசி முறையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போராடியபோது, அது கோயில் மரபு, கலை மரபு என்று எதிர்ப்பு கிளம்பியது. தேவதாசிகளிலேயே பலர் எதிர்த்தார்கள். தங்கள் கலையும் சொத்துரிமையும் பறிபோகும் என்ற அவர்களின் அச்சத்தில் நியாயம் இருந்தது. முத்துலட்சுமியின் தாயும் அதே மரபில் வந்தவர்தான். ஆனால் பொட்டுக்கட்டிக் கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்ட சிறுமியிடம் யாரும் சம்மதம் கேட்டதில்லை. கேட்டாலும் மறுக்கும் வயதில் அவள் இல்லை. 1947-இல் சென்னை மாகாணம் பொட்டுக்கட்டுவதைச் சட்டப்படி தடைசெய்தது.

உண்பதும் உடுப்பதும், மணமுடிப்பதும் இறந்தவரை வழியனுப்புவதும் ஊருக்கு ஊர் மாறட்டும். அந்த வேற்றுமை உலகுக்கு அழகு. ஆனால் ஒரு மனிதர் மறுக்கவே முடியாதபடி அவர் வாழ்க்கையை மற்றவர்கள் தீர்மானிப்பது எந்த ஊரிலும் அநீதிதான்.

இன்று பட்டம் பெறும் மாணவ மாணவியரே, நாளை நீங்கள் மருத்துவராக, அதிகாரியாக, ஆசிரியராகப் போகுமிடத்தில் "இது எங்கள் வழக்கம்" என்று ஒருவர் சொல்வார். மரியாதையோடு கேளுங்கள். பிறகு, அந்த வழக்கத்தில் மாட்டேன் என்று சொல்ல முடியாதவர் யார் என்று தேடி, அவர் பக்கம் நில்லுங்கள். அந்தத் தேடலை உங்கள் சொந்த வீட்டிலிருந்து தொடங்குங்கள்.